தச்சாசாரி நட்டுன காத்தாடி

வாங்க மருமவப்பிள்ளை, உக்காருங்க. மாமன் மரியாதையாக் கூப்பிட்டா என்னமோ வில்லங்கம் இருக்குன்னு ஒனக்குத் தெரியும். இருக்கு. பெங்களூர்ல பெரிய ஓட்டல்ல வச்சு, கலர் காயிதத்தக் கையில குடுத்து, மனசுல பட்டத எழுதிச் செவுத்துல ஒட்டுங்கன்னு சொல்லி 'கிரியேட்டிவிட்டி' படிச்சுக் குடுத்தாகளாமே. எங்க அக்கா போன்ல சொல்லுதா, பெருமை தாங்கல அவளுக்கு. சின்ன வயசுல நீ கரிக்கட்டையால செவுத்துல கிறுக்குனதுக்கு அவதான் ஒன்ன வெளக்குமாத்தால வெளுத்தா. இப்ப அதே வேலைக்கு ஒன் கரண்டுக் காத்தாடிக் கம்பெனி செலவு பண்ணி அனுப்புது. காலம்லே.

நீ அங்கன கத்துக்கிட்டு வந்தது இதுதான்: நம்ம கலாச்சாரத்துல புதுசா ஒண்ணும் மொளைக்காது, "நாலு பேரு என்ன சொல்லுவாக"ங்கிற பயம் எல்லாத்தையும் கொன்னுபோடும், மேல்நாட்டுக்காரனுக்கு அந்தப் பயம் கெடையாது, அவன் கண்டுபிடிக்கான், நாம காசு குடுத்து வாங்குதோம். திண்ணையில உக்காந்து ஒங்க அப்பாகிட்ட அளந்துக்கிட்டு இருந்தியே, எனக்குக் காது நல்லாவே கேக்கும்.

ஒங்க வாத்தியாரு ஒரு காரியத்த விட்டுட்டாரு. மேல்நாட்டுக்காரனுக்கும் நாலு பேரு உண்டு. நம்ம நாலு பேரு வாயால பேசுதான். அவனோட நாலு பேரு பேசுனதச் சட்டம் மாதிரி பத்து வரியா எழுதியே வச்சிருக்காக.

எந்திரிச்சு வெளிய பாரு. பணகுடி தொட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வரைக்கும் நிக்குத காத்தாடிய எண்ணணும்னா ஒனக்கு லீவு பத்தாது. நம்ம பக்கம் இதுக்குப் பிள்ளையார்சுழி போட்டதுல டென்மார்க்குக்குப் பங்கு உண்டு. 1990 வாக்குல அந்த நாட்டு அரசாங்கம் ஒத்தாசை பண்ணி முப்பந்தல்லயும் கயத்தாத்துலயும் பண்ணை போட்டாக. பெறவு வந்த மிசின்லயும் பலது அவுக வரைபடந்தான். நான் காத்தாடிக் கம்பெனியில ஸ்டோர் பாத்தவன். ஆனி ஆடியிலதான் அங்கன ஓட்டமும் சாட்டமும். காத்து ஓஞ்ச மாசத்துல நட்டு போல்ட்ட எண்ணுனது போக, வந்த தொரைமாருகிட்ட வாயக் குடுக்கதும், அவுக போட்டுட்டுப் போன புஸ்தகத்த எம் மவள வாசிச்சுச் சொல்லச் சொல்லிக் கேக்கதுந்தான் பொழுதுபோக்கு. அதனால மாமன் ஒளறுதான்னு நெனைக்காத. இல்ல, நெனச்சுக்கோ, ஆனா கேளு.

டென்மார்க்குல மோர்ஸ்னு ஒரு தீவு. அதுல நிக்கோபிங்னு ஒரு சின்ன ஊரு. அங்கன பொறந்த அக்செல் சாண்டெமோஸங்கிறவரு 1933ல ஒரு நாவல் எழுதுனாரு. அதுல தன் ஊர யாண்டேன்னு பேர மாத்தி வச்சு, அந்த ஊரு ஆளுகளுக்குள்ள எழுதாம ஓடுன சட்டத்த எழுதிப்புட்டாரு. சாரம் என்னன்னு கேளு: எங்கள விட நீ ஒசத்தின்னு, புத்திசாலின்னு ஒருநாளும் எண்ணிரப்படாது. இதையே பத்து விதமாத் திருப்பித் திருப்பிப் போட்டு அடிக்காரு. டென்மார்க்கு, நார்வே, ஸ்வீடன் மூணு நாட்டுக்காரனும் வாசிச்சுட்டு, "அட, இது எங்க ஊருல்லா"ன்னானாம். இன்னைக்கு வரைக்கும் அங்கன எவனாவது கொஞ்சம் நெஞ்ச நிமித்துனா, யாண்டேச் சட்டத்த மறந்துட்டியான்னு கேப்பாக. எழுதுன மனுசன் 1930லயே நார்வேக்குக் குடிபோயிட்டாரு. புத்திசாலி.

இப்ப ஒங்க வாத்தியாரு கணக்குப்படி, இப்படியாப்பட்ட ஊருல ஒரு ஊசிகூடப் புதுசாச் செய்ய முடியாது. ஆனா இந்தக் காத்தாடி எங்கன இருந்து வந்துச்சு?

சொல்லுதேன், அவசரப்படாத. முதல்ல மாட்டுக்குப் போவோம். நீ டப்பாவுல பாத்த பால மாட்டு மடியில பாத்தவன் நான். எனக்கு மாட்டுல ஆரம்பிச்சாத்தான் ஓடும். 1882ல மேற்கு யூட்லாந்துல ஹியட்டிங்ங்கிற கிராமத்துல சம்சாரிக சேந்து கூட்டுறவுப் பால்பண்ணை ஒண்ணு தொறந்தாக. அதப் பாத்து நாடு பூரா பரவுச்சு. அதுல ஓட்டு எப்படித் தெரியுமா? மாட்டுக்கு ஒரு ஓட்டு இல்ல, மனுசனுக்கு ஒரு ஓட்டு. பத்து மாடு கட்டுன பெரியபண்ணைக்கும் ஒத்த மாடு வச்சிருக்கவனுக்கும் ஒண்ணுதான். நம்ம ஊரு சொசைட்டியிலயும் சட்டம் அப்படித்தான், ஆனா கூட்டத்துல நாற்காலி யாருக்குப் போடுதாகன்னு ஒனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நாற்காலிக்கும் தெரியும்.

ரெண்டாவது, பள்ளிக்கூடம். குருண்ட்விக்குன்னு ஒரு பாதிரியார் சொன்னத வச்சு, சம்சாரி மக்களுக்குன்னு தனியாப் பள்ளி ஆரம்பிச்சாக. முதல் பள்ளி 1844ல. பரீட்சை கெடையாது, மார்க்கு கெடையாது, பட்டம் கெடையாது. குளிர்காலத்துல வயல்ல வேலை இல்லாத பயலுக வந்து தங்கி, பாடி, பேசி, படிச்சுட்டுப் போவானுக. அப்படி ஒரு பள்ளி அஸ்கோவுல. அதுல வாத்தியாரு பவுல் லா கூர். 1891ல காத்தாடியில கரண்டு எடுத்த ஆளு. எடுத்த கரண்டச் சேத்து வைக்க வழியில்லாம, அத வச்சுத் தண்ணியப் பிரிச்சு ஹைட்ரஜன் வாயு ஆக்கி, பள்ளிக்கூடத்துல வெளக்கு எரிச்சாரு. வாயு அப்பப்ப வெடிச்சு ஜன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்குமாம். கண்ணாடிய மாத்திட்டு மறுபடி எரிப்பாரு. நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு ஜன்னல் ஒடஞ்சா தலைமை வாத்தியாரு அப்பனக் கூட்டிட்டு வாங்குவாரு. அங்கன வாத்தியாரே ஒடைக்காரு, யார்ட்டப் போய்ச் சொல்ல?

அந்த லா கூர் 1904ல கிராமத்துப் பயலுகளுக்குக் காத்தாடிக் கரண்டு வேலை படிச்சுக்குடுத்தாரு. அதுல வந்த ஒரு சின்னப்பய யோஹான்னஸ் யூல். கெழவனான பெறவு 1957ல கெட்சர்ங்கிற எடத்துல 200 கிலோவாட் காத்தாடி ஒண்ணு நட்டாரு: மூணு இறக்கை, காத்தப் பாத்த மூஞ்சி, கனமா, நெதானமா. பத்து வருசம் அதுபாட்டுக்குச் சுத்துச்சு. 1967ல நிப்பாட்டிட்டாக. எண்ணெய் மலிவாக் கெடைக்கும்போது காத்த யாரு சீந்துவா?

பெறவு வந்துச்சு 1973. அரபுக்காரன் எண்ணெய இறுக்கிப் பிடிச்சான். ஒலகமே முழிச்சுச்சு. இங்கனதான் மருமவனே வேடிக்கை. மூணு நாடு ஒரே நேரத்துல காத்தாடி செய்ய ஒக்காந்தான். ஒவ்வொருத்தனும் தன் ஊரு வழக்கப்படி ஒக்காந்தான்.

அமெரிக்காக்காரன் நெலாவுல 1969ல கால வச்சு வந்தவன். காத்தாடி என்ன பெரிய காத்தாடின்னு நாசாகிட்டக் குடுத்தான். போயிங், ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் எல்லாம் சேந்தான். மனுசன் பறக்க ஏரோபிளான் செஞ்ச கணக்கெல்லாம் கையில இருக்கு. ரெண்டு இறக்கை, லேசான ஒடம்பு, ஒரே தாவுல பெரிசு. கெட்சர்ல நின்னு போயிருந்த யூலோட காத்தாடியக்கூட மறுபடி ஓட்டச் சொல்லி அளந்து பாத்தான். பாத்துட்டு ஊருக்குப் போய்த் தன் இஷ்டத்துக்குத்தான் செஞ்சான். வட கரோலினாவுல ஒரு குன்றுமேல 1979ல வச்ச 2 மெகாவாட் மிசின் போட்ட சத்தத்துல வீட்டு ஜன்னலெல்லாம் நடுங்குதுன்னு சுத்துப்பட்டுல சில குடும்பம் புகார் சொல்லிச்சு. ஜெர்மன்காரன் இவனையும் தாண்டி, 1983ல 100 மீட்டர் அகலத்துக்கு இறக்கை வச்சு 3 மெகாவாட்டுல ஒண்ணு நிப்பாட்டுனான். நின்னுச்சு. சுத்துனதவிட நின்னதுதான் அதிகம். 1988ல பிரிச்சு எடுத்துட்டாக. அமெரிக்கா சர்க்கார் இந்தக் காரியத்துல 1975க்கும் 1988க்கும் நடுவுல கொட்டுனது 40 கோடி டாலருக்கு மேல. ஜெர்மனி ஒரு 10 கோடி. டென்மார்க்கு சுமார் 2 கோடி.

அந்த 2 கோடிக்காரன் என்ன செஞ்சான்? கிறிஸ்தியான் ரீசாயர்னு ஒரு தச்சாசாரி. வீட்டுப் பின்னால யூலோட காத்தாடியப் பாத்துச் சின்னதா ஒண்ணு செஞ்சாரு. இறக்கை மரத்துல, பல்சக்கரமெல்லாம் பழைய லாரியில கழத்துனது. 22 கிலோவாட். ஓடிச்சு. அக்கம்பக்கத்துக்காரன் எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுன்னான். இன்னொரு பக்கம், ஒரு கொல்லாசாரியும் இருபது சொச்சம் வயசுல ஹென்ரிக் ஸ்டீஸ்டாலுங்கிற பயலும் சேந்து செஞ்ச மிசின 1979ல வெஸ்டாஸ்காரன் உரிமை வாங்கி விக்க ஆரம்பிச்சான். வெஸ்டாஸ் யாருங்க? 1898ல லெம்ங்கிற ஊருல ஒரு கொல்லுப்பட்டறையில தொடங்குன குடும்பம். அதுவரைக்கும் உழவு வண்டி, அது இதுன்னு செஞ்சுக்கிட்டுக் கெடந்தவுக. த்விண்டுங்கிற எடத்துல வாத்தியாரும் பிள்ளைகளும் ஊரு சனமும் சேந்து 1978ல 2 மெகாவாட்டுல ஒண்ணு நட்டாகளே, அதுலயும் முக்கியமான சாமான் பலது வேற எடத்துல கழிச்சுப் போட்டதுதான். அது பல பத்து வருசம் ஓடிச்சு.

ஆனா நான் அசந்தது மிசினப் பாத்து இல்ல. இந்தக் காத்தாடி வச்சவுகெல்லாம் 1970களோட கடைசியில சங்கம் ஒண்ணு வச்சாக. சங்கத்துக்குப் பத்திரிகை. அதுல மாசாமாசம், எந்தக் கம்பெனி மிசின் எவ்வளவு கரண்டு குடுத்துச்சு, எது எங்க ஒடைஞ்சுச்சுன்னு போட்டுருவாக. செஞ்சவன் மானம் போவுமேன்னு ஒளிக்க மாட்டாக. செஞ்சவனும் வந்து அவுக கூட்டத்துல உக்காந்து, "ஆமா, என் இறக்கை பிஞ்சு போச்சு, இந்த எடத்துல பிஞ்சுச்சு"ன்னு சொல்லுவான். அடுத்தவன் அத வச்சுத் தன்னுத மாத்துவான். பிரேக்கு ஒண்ணு போனா இன்னொண்ணு புடிக்கணும், ரெண்டு பிரேக்கு இல்லாம விக்காதேன்னு சங்கத்துக்காரன்தான் மொறைச்சான். கொல்லன், தச்சன், சம்சாரி, ரீசோ ஆராய்ச்சி நிலையத்து இஞ்சினியரு எல்லாம் ஒரே பெஞ்சுல.

இப்ப யோசி. நீ பெரிய ஆளுன்னு நெனைக்காதேங்கிற அந்தச் சள்ளைப் புடிச்ச சட்டத்துக்கு இன்னொரு பக்கம் இருக்குல்லா? எவனும் பெரிய ஆளு இல்லன்னா, எவனுக்கும் விழுந்தா வலிக்குத ஒசரமும் இல்ல. பிஞ்சு போச்சுன்னு சொன்னா கொறையுததுக்கு மானம் அங்கன அவ்வளவு கட்டி வைக்கல. சாண்டெமோஸ மூச்சுத் திணற வச்ச அதே வழக்கம் ரீசாயருக்கு மூச்சு விட எடம் குடுத்துச்சு. கவிதை எழுதுதவனுக்கு அது கழுத்துக் கயிறு. காத்தாடி செய்யுதவனுக்கு ஏணி. ஒரு நாட்டு வழக்கம் நல்லதா கெட்டதான்னு மொத்தமா வெலை பேசாத. என்ன வேலைக்குன்னு கேட்டுட்டுப் பேசு.

அமெரிக்காக்காரன நான் கொறைச்சுச் சொல்லல. ஒரே தாவுல பெரிசாச் செய்யணும், முன்னால எவனும் செஞ்சிருக்கப்படாதுங்கிற அந்தத் திமிருதான் நெலாவுக்குக் கொண்டுபோச்சு. நெலாவுக்குக் கொல்லாசாரி போக முடியாது. பெறவு இன்னொரு கொணம் அவனுக்கு: எவன் செஞ்சதா இருந்தாலும் ஓடுச்சுன்னா வாங்கிருவான், மூஞ்சி பாக்க மாட்டான். 1980கள்ல கலிபோர்னியாவுல வரிச்சலுகை குடுத்ததும் எல்லாவனும் காத்தாடி நட ஓடுனான். அங்கன போய் எறங்குனதுல பெரிய கூட்டம் டென்மார்க்கு மிசின். இவன் கண்டுபிடிச்ச சந்தையில அவன் கண்டுபிடிச்ச சரக்கு. 1985ல சலுகைய நிப்பாட்டுனான். மறு வருசம் வெஸ்டாஸே கடன் அடைக்க முடியாம மண்டியிட்டு, கையக் கால முறிச்சுப் புதுசா எந்திரிச்சுது. ஆக, டென்மார்க்குக்காரன் தனியா ஒண்ணும் சாதிக்கல. அமெரிக்காக்காரனோட அவசரம் இல்லன்னா இவனோட நெதானம் கொட்டாயில கெடந்து துருப்புடிச்சிருக்கும்.

ஜப்பானையும் சொல்லிருதேன், ஒங்க வாத்தியாரு படம் போட்டிருப்பாரு. அங்கன பெரியவுகளுக்கு முன்னால வாயத் தொறக்கது மரியாதை இல்ல. சரி, வாயத்தானே தொறக்கப்படாதுன்னு, டொயோட்டாக்காரன் 1951லயே யோசனையச் சீட்டுல எழுதிக் குடுங்கன்னு ஏற்பாடு பண்ணிட்டான். கீழ இருக்கவனும் மேல இருக்கவனும் மொகத்தப் பாக்காம பேசிக்கிட்டான். சின்னச் சின்ன யோசனையா மலை கணக்குல குமிஞ்சுச்சு. அதே நாட்டுலதான் நீல வெளிச்சம் குடுக்குத எல்.இ.டி.யச் செஞ்ச ஷூஜி நாகமுராவுக்குக் கம்பெனி குடுத்த இனாம் 20,000 யென். பத்துப்பேரோட சேந்து சின்னதா யோசிக்கவனுக்குச் சொர்க்கம். ஒத்தையா நின்னு பெரிசா செஞ்சவன் அமெரிக்காவுக்குப் போயிட்டான், வழக்குப் போட்டான், 2014ல நோபலும் வாங்குனான்.

இனி நம்ம கதை. மொகத்தத் தொங்கப்போடாத.

நான் ஸ்டோர்ல இருக்கும்போது ஒரு சீசன்ல பிரேக்குக் கட்டை தீந்துபோச்சு. வெளிநாட்டுல இருந்து வரணும், கப்பல்ல. ஆடி மாசம், ஒவ்வொரு நாளும் காசு காத்துல போவுது. நம்ம ஊரு பட்டறையில வேலை பாத்த ஒருத்தன், எட்டாங் கிளாஸ், லாரி பிரேக்கு லைனிங்க அளவா வெட்டி, ரிவெட்டு அடிச்சு ஒப்பேத்திக் குடுத்தான். சரக்கு வாரவரைக்கும் மிசின் நிக்காம ஓடிச்சு. மேலிடத்துக்கு ரிப்போட்டு போச்சு. அதுல எஞ்சினியரு பேரு இருந்துச்சு, அவருக்கு மேல இருக்கவரு பேரு இருந்துச்சு, தேதி இருந்துச்சு, பட்டறைக்காரன் பேரு பில்லுல இருந்துச்சு. அவன் எங்க ஆபீசுக்கு வந்தாக்கூட வாசல்ல செருப்பக் கழத்திட்டு நின்னுதான் பேசுவான். உள்ள வாடேன்னு நான் கூப்பிட்டா, "இருக்கட்டும்ணே"ம்பான்.

அதுதான்லே நம்ம நோவு. நாலு பேரு சிரிப்பாகங்கிறதெல்லாம் சும்மா. எல்லா ஊருலயும் சிரிப்பாக. நம்ம ஊருல புஸ்தகம் படிச்சவன் ஒரு தெரு, சுத்தி பிடிச்சவன் ஒரு தெரு. கை கருத்தவனுக்குத் தெரிஞ்சது ஏட்டுல ஏறாது. ஏட்டுல இருக்கது கை கருத்தவன் காதுக்குப் போகாது. சாதின்னு பேரு சொன்னா ஒங்க கம்பெனியில எல்லாம் அதெல்லாம் இப்ப இல்லைம்பிய. சரி, இல்ல. காத்தாடி மேல ஏறி எண்ணெய் விடுதானே காண்ட்ராக்ட் பய, அவன் பேரு ஒங்க செவுத்துக் காயிதத்துல எங்கயாவது இருந்துச்சா?

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கதை ஒனக்குத் தெரியும், படமே எடுத்துட்டான். பட்டறையில வேலை பாத்த மனுசன், பொம்பளைங்க மாசத்துல படுத பாட்டப் பாத்து, மலிவா நாப்கின் செய்ய மிசின் செய்யணும்னு கெளம்புனாரு. ஆட்டு ரத்தத்தப் பந்துப் பிளாடர்ல ஊத்தி இடுப்புல கட்டிக்கிட்டுச் சோதிச்சாரு. நாலு பேரு பேசுனாக, பேயின்னாக. கட்டுன பொண்டாட்டி அம்ம வீட்டுக்குப் போயிட்டா, பெத்த தாயும் போயிட்டா. மனுசன் விடல. செஞ்சாரு, மிசினப் பொம்பளைங்க குழுவுக்குக் குடுத்தாரு, 2016ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. பொண்டாட்டியும் வந்துட்டா. இதச் சொல்லி, தைரியம் இருந்தா நம்ம ஊருலயும் சாதிக்கலாம்னு கைதட்டுவான் ஒங்க வாத்தியாரு. நான் கேக்குதது வேற. அந்த மனுசன் அத்தனை வருசமும் ஒத்தையிலதானலே ஒக்காந்திருந்தாரு? டென்மார்க்குத் தச்சாசாரிக்குப் போய் ஒக்கார ஒரு பெஞ்சு இருந்துச்சு. இவருக்கு ஒரு முக்காலிகூட யாரும் போடல. வீரன்னு பேரு குடுத்தோம், பெஞ்சு குடுக்கல. வீரன் இருந்தாத்தான் புதுசா ஒண்ணு நடக்கும்னா, அந்த ஊரு வருசத்துக்கு எத்தன வீரனப் பெத்துப்போட முடியும்?

ஆகவே மருமவப்பிள்ளை, ஒங்களுக்கு மாமன் சொல்லுத புத்தி. அமெரிக்காக்காரன் மாதிரி மேசையில கால வைக்கப் பழகாதீரும், இடுப்பு புடிச்சுக்கிடும். ஜப்பான்காரன் மாதிரி குனியாதீரும், தொந்தி விடாது. "நாலு பேரப் பத்திக் கவலைப்படாதே"ன்னு பனியன்ல அச்சடிச்சுப் போடாதீரும். அந்தப் பனியன நாலு பேரு பாக்கணும்னுதானே போடுதீரு?

ஒரே ஒரு காரியம் செய்யும். ஒங்க ஆபீசுல மாசாமாசம் ஒரு தாள் ஒட்டும்: இந்த மாசம் யாரு வேலை எங்கன பிஞ்சுச்சு, ஏன் பிஞ்சுச்சு. ஒட்டுத கூட்டத்துக்கு, கோபுரத்துல ஏறுத பயலையும், வெல்டிங் வைக்குதவனையும் கூப்பிட்டு உக்கார நாற்காலி போடும். அவன் நிக்கேன்னுதான் சொல்லுவான். விடாதீரும். டீ வந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாசுல வரணும், அவனுக்குக் காயிதக் கப்பு, ஒமக்குப் பீங்கான்னு வந்தா அந்தக் கூட்டத்த அத்தோட கலைச்சுரும்.

தாள்ல முதல் பேரு ஒம்ம மேனேஜர் பேரா இருக்கப்படாது. அது வீரம், வீரத்துக்குச் சம்பளம் வராது. ஒம்ம பேர முதல்ல எழுதும். அதையும் ஏப்ரல் மாசம் இன்கிரிமெண்டு கையில வந்த பெறவு எழுதும். அக்கா வீட்டுக் கடன் தவணை இருக்குல்லா.